என்னை பஸ் ஏறவிடாத டீக்கடைக்காரர்

போன தை மாதம், கொல்லிமலை வளப்பூர் நாட்டில், என் மனைவியின் ஊரில் நடந்தது இது.

நான் லாரி டிரைவர். ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க ஆரம்பித்த மாத்திரை, கடைசியில் அது இல்லாமல் பகலும் ஓடாது என்கிற நிலைக்கு என்னைக் கொண்டுபோனது. அந்தப் பழக்கத்தை விட ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்ததும், கொஞ்ச நாள் தன் அண்ணன் வீட்டில் இருக்கலாம் என்று மனைவி மலைக்குக் கூட்டி வந்துவிட்டாள். அங்கே மிளகு பறிக்கும் சமயம்.

மாத்திரையை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். எங்கே! காயும் மிளகைக் கிளறிவிடப் போவேன். களத்தில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று விழிப்பேன். இரண்டு வேலை சொன்னால் ஒன்று மறந்துவிடும். கோபம் மட்டும் மறக்காமல் வந்துவிடும்.

அதோடு சந்தேகம். மிளகுக்கொடி ஏணியில் மச்சான் என்னை ஏறவிடவில்லை. என்னை மட்டம் தட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் லைசென்ஸ் காணாமல் போயிருந்தது. அவர்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மனைவி போனில் மெதுவாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டிக்கொள்வேன்.

எல்லாரையும் விட பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் மேல்தான் அதிக சந்தேகம். அவர் மச்சானின் கூட்டாளி. நான் தனியாக அந்தப் பக்கம் போனால் போதும், "வாங்க மாப்ளே, ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிடுவார். பால் இன்னும் காயவில்லை என்பார், டம்ளர் கழுவ வேண்டும் என்பார். பஸ் போன பிறகுதான் டீ வரும். ஒருநாள் என்றால் சரி, ஒவ்வொரு தடவையுமா?

ஒருநாள் காலையில் மாத்திரை ஆசை தலைக்கேறிவிட்டது. மலையை விட்டு இறங்கி முள்ளுக்குறிச்சியில் நின்றால், பழைய லாரிக் கூட்டாளி ஒருவன் அந்த வழியாக வருவான். அவனிடம் இருக்கும். மனைவியிடம் சவரம் பண்ணப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் படியில் ஒரு காலை வைத்தும்விட்டேன். டீக்கடைக்காரர் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். பஸ் போய்விட்டது.

கடை மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துத் தரையில் அடித்தேன். "என் மச்சான் சொல்லித்தானே என்னைக் காவல் காக்கறே?" என்று கத்தினேன்.

"உங்க மச்சானுக்கு இது தெரியவே தெரியாதுங்க" என்றார் அவர், சில்லுகளைப் பொறுக்கியபடி. "ஊருக்கு வந்த புதுசுல நீங்கதான் வந்து சொன்னீங்க. நான் தனியா பஸ் ஏற வந்தா உடாதீங்க, நானே திட்டுனாலும் உடாதீங்கன்னு. என்னையக் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ண வெச்சீங்க. அதை மீறுனா எம் புள்ளைகுட்டிக்கு ஆகுங்களா?"

எனக்கு அப்படி எதுவுமே ஞாபகமில்லை. மச்சான் சொல்லிக்கொடுத்த கதை என்றே நினைத்தேன்.

அவர் உள்ளே போய், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதில் என் லைசென்ஸ்.

"லாரி ஓட்டப் போயிரக் கூடாதுன்னு இதையும் நீங்கதான் குடுத்தீங்க. பஸ்ஸு போயிருச்சுன்னா கொஞ்ச நேரத்துல ஆசை தானா எறங்கிரும், அது வரைக்கும் எதையாச்சும் பேசி உக்கார வெச்சுருங்கன்னும் சொன்னீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசை தானாக இறங்கிவிடும் என்பது ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னது. என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. நான் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் சொன்னது போலவே, உள்ளே இருந்த பரபரப்பும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. லைசென்ஸை நானே திரும்ப அவர் கையில் கொடுத்தேன்.

"இருங்க மாப்ளே, டீ போடறேன்" என்றார். அன்றைக்குப் பால் உடனே காய்ந்தது.

அந்தக் கற்பூரச் சத்தியம் வாங்கிய நாள் இன்றுவரை என் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் எனக்கே மறந்துபோன என் வார்த்தையை, என்னிடமே திட்டு வாங்கிக்கொண்டு ஒருவர் காப்பாற்றினார் என்பதை மட்டும் நான் மறக்கவே கூடாது.