கமெனின் பதினைந்தாம் வருடத் தாள்

எங்கள் ஊரில் யாரும் ஒரே தடவையில் செத்து முடிப்பதில்லை. செத்த அன்று ஒரு அஞ்சலித் தாள், நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, அப்புறம் வருடா வருடம். படம் போட்டு, பெயர் போட்டு, வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தப் பலகையிலும் ஒட்டியாக வேண்டும். ஒட்டாவிட்டால் ‘அதுக்குள்ள மறந்துட்டாங்க பாரு’ என்று ஊர் வாயில் விழ வேண்டியதுதான். தன்யூப் ஆற்றங்கரையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிற பல்கேரிய ஊர் இது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலையை மூடினார்கள், ரொட்டிக் கடையைக்கூட மூடிவிட்டார்கள். அஞ்சலித் தாள் அடிக்கிற ஸ்லாவ்காவின் கடைக்கு மட்டும் ஒருநாளும் வேலை குறைந்ததில்லை.

ஸ்லாவ்காவுக்கு அறுபத்திரண்டு வயது. பிள்ளை குட்டி கிடையாது. வாய் மட்டும் உண்டு, நாலு பேருக்குப் போதுமான வாய். “அவ நம்மளப் பாத்துச் சிரிச்சா நம்பாதீங்க, எந்தப் போட்டோ போடலாம்னு பாக்குறா” என்று மதுக்கடையில் கேலி பேசுவார்கள். “உனக்கெல்லாம் மூக்கு மட்டும் போட்டாப் போதும்டா, ஊருக்கே அடையாளம் தெரியும்” என்று அவளும் விடமாட்டாள். அப்படிப் பேசுகிறவள் வருடத்தில் ஒருநாள் வாயே திறக்க மாட்டாள். அது அவள் புருஷன் கமெனின் நாள்.

பூட்ஸ் தொழிற்சாலையில் அவள் தட்டச்சு, அவன் இயந்திரம் பழுது பார்க்கிறவன். ஆலை மூடியதும் அவள் இந்தக் கடையைப் போட்டாள், அவன் கட்டட வேலைக்கு ஸ்பெயினுக்குப் போனான். ‘அடுத்த கோடைக்கு வர்றேன்’, ‘அடுத்த ஈஸ்டருக்கு வர்றேன்’ என்று நாலு வருடம் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தினான். ஐந்தாவது வருடம் சாரத்திலிருந்து விழுந்தான். வயது நாற்பத்தெட்டு. மூடி பற்றவைத்த தகரப் பெட்டியில் வந்து சேர்ந்தான். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டின பெண்டாட்டி கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது சொல்லுங்கள்.

முதல் தாள்களிலும் கல்லறைக் கல்லிலும் பெயர் மட்டும்தான். கல் நட்டு ஆறு மாதம் கழித்துத்தான் ஸ்பெயினில் எடுத்த அவன் படம் ஒன்று வந்தது. கூட வேலை பார்த்த ஒருவன் அதை ஒரு வேர்ட் பக்கத்தில் ஒட்டி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். பாதி கட்டிய சுவரில் கமென் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாயை லேசாகத் திறந்து, எதையோ சொல்ல வந்தவனாக இருந்தான். அவள் அனுப்பி வைத்தது கருகரு முடிக்காரனை. இந்த நரை எப்போது வந்தது, தனியாகக் கண்ணாடி பார்த்து என்ன நினைத்தான், என்ன சொல்ல வாயைத் திறந்தான் என்று அவள் அன்றைக்கு முழுக்க அழுதாள்.

வீட்டில் வேறு படம் இல்லையா என்றால், இருந்தது, அதில் அவன் இல்லை. கேமராவைப் பிடிக்கிறவன் எப்போதும் அவன்தான். ஆல்பம் முழுக்க ஸ்லாவ்கா, அவள் காலடியில் சில படங்களில் அவன் நிழல். கல்யாணத்தன்று மட்டும் கேமராவைப் பிடுங்கி யாரோ ஒரு படம் எடுத்தார்கள். அதில் அவனுக்கு இருபத்துநாலு வயது.

ஆகவே வந்த அந்தப் பக்கத்தை அப்படியே திறந்து, படத்துக்குக் கீழே பெயரும் வயதும் ‘அவன் இல்லாத ஒரு வருடம்’ என்றும் அடித்தாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுவருடம் சமீபத்தில் திறந்தவை என்ற பட்டியலில் அவன் பெயர் இருந்தது. சொடுக்கினாள், திறந்தது. ஒன்றை இரண்டாக்கினாள், சேமித்தாள். அப்புறம் மூன்று, நான்கு. பட்டியலைவிட்டு அவன் பெயர் நழுவாமல் இருக்க அங்கேயே பின் குத்தி வைத்துக்கொண்டாள். பதினாலு வருடம் இதுதான் நடந்தது. வாடிக்கையாளர்கள் அனுப்புகிற தாள்களையும் இதே மாதிரிதான் செய்தாள். சேமித்தது எங்கே போய் உட்காருகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கணினிக்குள்தானே இருக்கிறது, வேறெங்கே போகும்?

பதினைந்தாம் வருட நாள் சனிக்கிழமை வந்தது. எங்கள் வழக்கப்படி புதன்கிழமையே கதவைக் கழுவி, போன வருடத் தாளைச் சுரண்டி எடுத்தாள். முகம் இருக்கிற தாளைக் குப்பையில் போடக் கூடாது. அடுப்பில் போட்டு எரித்தாள். வியாழக்கிழமை காலையில் அச்சுப்பொறி மக்கர் பண்ணியது. கணினியின் வன்தட்டில் இடமில்லை, இடமில்லை என்று திரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. பழைய வாழ்த்து அட்டைகளை அழித்துப் பார்த்தாள். ம்ஹூம். கடைசியில், முன்பு வானொலி ரிப்பேர் செய்து இப்போது கணினி பார்க்கிற போன்ச்சோவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இது கம்ப்யூட்டர் இல்ல, மியூசியம்” என்றபடி அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“வாய மூடிட்டு வேலையப் பாரு. உன்னவிட அது ஒழுங்கா உழைக்குது.”

“இடத்தயெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கறது டெம்பரரி ஃபைலுங்கக்கா. வேலை செய்யறப்போ அதுவே உண்டாக்கிக்கும், அப்புறம் கழுவாத பாத்திரம் மாதிரி அங்கேயே கெடக்கும். உன் கண்ணுக்குத் தெரியாது, மறைச்சு வெச்சிருக்கும். அத்தனையும் குப்பை.”

“எத்தனை இருக்கு?”

“நாப்பத்தாறு ஜிபி. எம்மாடி! அழிச்சிரட்டா? உன் வேலையெல்லாம் சேவ் பண்ணிருக்கேல்ல?”

“ஒண்ணு விடாம. ஒவ்வொரு தடவையும்.”

அவன் கேட்டது நல்ல கேள்வி. அவள் சொன்னதும் சத்தியம். அழுவதா, முட்டிக்கொள்வதா! மின்னஞ்சலில் வந்ததை அப்படியே திறந்து சேமித்தால், அது அந்தக் குப்பைக் கிடங்கின் அடியில்தான் போய் உட்காரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பதினாலு வருடமாக ஒருத்தி புருஷனை அங்கே வைத்திருப்பாள் என்று போன்ச்சோ கனவிலும் நினைக்கவில்லை. பொத்தானை அழுத்தினான். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. ஸ்லாவ்கா மனம் குளிர்ந்து அவனுக்கு ஒரு கோப்பை ராக்கியாச் சாராயம் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

எட்டு மாதமாக இடமில்லாமல் வாசலில் காத்திருந்த மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று, காலியான இடத்தைப் பார்த்ததும் உள்ளே புகுந்தது. வேலை நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று திரை சொன்னது. அவள் அணைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சனிக்கிழமை அவன் பெயரில் அவித்துக் கொடுக்கிற கோதுமையில் கல் பொறுக்கினாள். மூன்று மணி நேரம் கழித்துப் பட்டியலைத் திறந்தாள். கமெனின் பெயர் இருந்தது. சொடுக்கினாள். கோப்பைக் காணவில்லை என்றது. இன்னொரு தடவை சொடுக்கினாள். பிறகு இருபது தடவை.

போன்ச்சோ ஓடி வந்தான். வெள்ளிக்கிழமை பொழுதெல்லாம் அழிந்ததை மீட்கும் நிரல்களை ஒன்று மாற்றி ஒன்று ஓடவிட்டான். யார் யாருடைய அரை முகமோ வந்தது, கமென் வரவில்லை.

“அழிச்ச எடத்துல புது அப்டேட் வந்து மேலயே உக்காந்திருச்சுக்கா” என்றான். அவன் முகம் செத்துப் போயிருந்தது. “அந்த மெயில்ல இருக்கும்ல?”

“அந்த மெயில் கம்பெனிய மூடி ஒம்பது வருஷமாச்சு.”

“அனுப்புன ஆளு?”

“அவன் நம்பர் எப்பவோ செத்துப் போச்சு.”

“என்ன நாலு அறை அறைஞ்சிரு அக்கா. தயவுசெஞ்சு இப்படிச் சும்மா உக்காந்திருக்காத.”

“உன்ன அறைஞ்சா அவன் வந்துருவானாடா?” என்று கேட்டுவிட்டு, அவள் வாளியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். மின்கம்பத்துத் தாளை மழை எப்போதோ தின்றிருந்தது. பலகையில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு தாளாக உரித்தாள். ஆசிரியை பெட்ரானா, மீன்காரர் ட்ராய்கோ, இரட்டையரில் மூத்தவர், இளையவர். கமெனின் மேல் அத்தனை பேரையும் அச்சடித்து ஒட்டியது அவள் கைதான். ஏழாவது தாளுக்கு அடியில் அவன் பெயர் தெரிந்தது. மை ஊறிப்போய், சட்டத்துக்குள் ஒரு நீலக் கறை இருந்தது. எந்தப் பக்கம் நெற்றி, எந்தப் பக்கம் தாடை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நடுத்தெருவில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எங்களில் இரண்டு பேர் ஜன்னலிலிருந்து பார்த்தோம். போய் என்ன சொல்வது? போகவில்லை.

தாள் ஒட்டாமல் விட முடியாது. சனிக்கிழமை காலை கல்யாணப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டாள். கறுப்பு முடி, இறுக்கமான கழுத்துப்பட்டை, ஒன்றும் அறியாத சிரிப்பு. கீழே ‘அவன் இல்லாத பதினைந்து வருடம்’ என்று அடித்தாள். கதவில் ஒன்று, கம்பத்தில் ஒன்று ஒட்டிவிட்டு, கடைசியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். அங்கே வெளியூர்க்காரி ஒருத்தி மூட்டையோடு பேருந்துக்குக் காத்திருந்தாள்.

வழக்கப்படி ஸ்லாவ்கா அவளுக்கும் ஒரு கிண்ணம் அவித்த கோதுமை கொடுத்தாள். அவள் சிலுவை போட்டு வாங்கிக்கொண்டாள்.

“ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும். எழுத்து தெரியல, கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்” என்று பலகைக்குப் பக்கத்தில் போய்ப் படத்தை உற்றுப் பார்த்தாள். “அய்யய்யோ, எவ்வளவு சின்னப் புள்ள! என்ன களையான மொகம்!”

ஸ்லாவ்கா தூரிகையைப் பசைக்குள் விட்டாள்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், நரைத்த ஸ்லாவ்காவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அருகில் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மகனாம்மா?”

“ஆமா” என்றாள் ஸ்லாவ்கா.