கட்டெறும்பு சொன்ன பாட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், அத்தனை வருஷத்தையும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கழித்தாள். காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறப்பாள். ஒன்பது அறையையும் பெருக்கித் துடைப்பாள். வாந்தி எடுத்த பிள்ளைக்கு வாய் கழுவி விடுவாள், பென்சில் சீவித் தருவாள், மணி அடிப்பாள்.

பெஞ்சு துடைக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பிள்ளை உட்காருமோ அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி, "காப்பாத்துப்பா" என்று ஒரு வார்த்தை. அதுதான் அவள் கும்பிடும் முறை. கோயிலில் போய் நிற்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு தடவை லீவு பூராவும் ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடிவிட்டது. பெரிய டீச்சர் எல்லார் முன்னாலும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். அன்று முதல் ஆளில்லாத இடத்தில் சுவிட்சுப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். போய் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை.

மூன்றாம் வகுப்பில் ஜன்னல் ஓரப் பெஞ்சு கட்டெறும்புடையது. ஒரு இடத்தில் அரை நிமிஷம் உட்காராததால் வந்த பேர். அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தில் வியாதி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று மாசம் ஆகியிருந்தது. வகுப்பு டீச்சர் சின்ன வயசுக்காரி, நல்ல மனசுக்காரி. பிள்ளையின் படிப்பு விட்டுப்போகக் கூடாதென்று, தன் லேப்டாப்பை அந்தப் பெஞ்சிலேயே வைத்தாள். கட்டெறும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அம்மாவின் போனில் வகுப்பைப் பார்க்கும். வகுப்பும் அவளைப் பார்க்கும்.

லேப்டாப்பைத் தினமும் எடுத்து வைப்பது ஆயாம்மாவின் வேலை. அடியில் இரண்டு தடிப் புத்தகம் கொடுத்தால்தான் முகம் சரியாகத் தெரியும். மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே கட்டெறும்பு வந்துவிடுவாள்.

"ஆயாம்மா, உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது. மூக்குக்கு மட்டும் குட்மார்னிங்."

"வாய்க்கொழுப்பு குறையல பாரு உனக்கு! சாப்பிட்டியாடி தங்கம்?"

"சாப்பிட்டேன், வாந்தி எடுத்தேன், மறுபடி சாப்பிட்டேன். ரெண்டு தடவை சாப்பிட்டது நான் ஒருத்திதான்."

தலையில் ஒரு முடி இல்லை. "தலை வாரிவிடற வேலை எங்கம்மாவுக்கு மிச்சம்" என்று சிரிக்கும். ஆயாம்மாவும் சிரித்துவிட்டு, தரை துடைக்கிற சாக்கில் கீழே குனிந்துகொள்வாள்.

அப்போதுதான் கவிதை வாரம் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு கவிதை சொந்தமாகக் கட்ட வேண்டும். தினம் ஆறு பேர் வகுப்பில் நின்று சொல்ல வேண்டும். டீச்சர் அதைப் படம் பிடித்துப் பள்ளிக்கூடத்து இன்டர்நெட் பக்கத்தில் போடுவாள், ஊர் உலகமெல்லாம் பார்க்கும். கட்டெறும்புக்கு வெள்ளிக்கிழமை. இடைவேளை முடிந்ததும் அவள்தான் முதல் ஆள்.

அவள் எதையும் எழுதவில்லை. கையில் எந்நேரமும் ஊசி குத்தியிருந்ததால் மனசுக்குள்ளேயே கட்டி வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை ஆயாம்மாவிடம் மட்டும் முதல் இரண்டு வரி சொன்னாள்.

"ஜன்னல் ஓரம் என் பெஞ்சு,
சும்மா கிடக்குது பாவம் அது."

"அடி என் ராசாத்தி! அப்புறம்?"

"அப்புறம் நாளைக்கு. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா உங்க மூக்கு இன்னும் பெருசாயிடும்."

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் சார், பெரிய டீச்சர் அறையில் இருந்த இன்டர்நெட் பெட்டியைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற சின்ன அறையின் மேல் தட்டில் மாட்டினார். மூன்றாம் வகுப்புக்கு லைன் நன்றாகக் கிடைக்கட்டும் என்று செய்த நல்ல காரியம். ஆயாம்மா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே போனதும், ஆயாம்மா வராந்தாவை அவசரமாகப் பெருக்கினாள். கட்டெறும்பு சொல்வதைக் கதவோரம் நின்று கேட்க வேண்டும் என்று ஆசை. முந்தின நாள் துடைப்பத்தை வகுப்பிலேயே விட்டுப் போயிருந்ததால், அன்று முதல் தடவையாக, அதை வைக்கப் படிக்கட்டு அறையைத் திறந்தாள். உள்ளே இருட்டு. சுவிட்சுப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாரு இது, ஆளில்லாத எடத்துல" என்று முணுமுணுத்துக்கொண்டே அணைத்தாள்.

வகுப்பறைக்கு ஓடி வந்து பார்த்தால், திரையில் கட்டெறும்பு வாயைத் திறந்தபடியே அசையாமல் இருந்தாள். படம் உறைந்துவிட்டது. டீச்சர் திரையைத் தட்டிப் பார்த்தாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு திரையே வெறுமையாகிவிட்டது.

"ஆஸ்பத்திரில லைன் போயிடுச்சு போல. திங்கக்கிழமை சொல்லட்டும்" என்று அடுத்த பிள்ளையை எழுப்பினாள்.

மத்தியானம் கம்ப்யூட்டர் சார் வராந்தாவில் நின்று கத்தினார். "இன்டர்நெட் பெட்டிச் சுவிட்ச யாரு அணைச்சது? படிக்கட்டுக்குக் கீழ இருக்கே, அந்தச் சுவிட்சு!"

ஆயாம்மாவுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. நான்தான் என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள். திங்கட்கிழமை பிள்ளை மறுபடி சொல்லிவிடும், சொல்லி முடித்ததும் ஒத்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இரண்டு நாள் கடவுளிடம் கேட்டதெல்லாம் அந்தத் திங்கட்கிழமையைத்தான்.

சனிக்கிழமையே பிள்ளைக்கு நினைவு தப்பிவிட்டது. திங்கட்கிழமை காலை ஆயாம்மா தடிப் புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. ஒன்பது மணிக்கு மேல் செய்தி வந்தது.

கவிதை வாரத்துப் படம் பள்ளிக்கூடத்து இன்டர்நெட் பக்கத்தில் வந்தது. இருபத்தொன்பது பிள்ளைகள். கீழே நூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த ஆயாம்மாவின் மகள்கூடப் போன் செய்தாள். "உன் ஸ்கூல் பிள்ளைங்க என்னமா சொல்லுதுங்கம்மா!" ஆயாம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கட்டெறும்பின் அம்மா வந்தாள். வகுப்பிலேயே கிடந்த பிள்ளையின் பையை வாங்கிப் போக வந்தவள், டீச்சர் எதிரில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"இதுல என் பிள்ளை மட்டும் இல்லயே டீச்சர். விட்டுப்போச்சா?"

டீச்சர் திகைத்தாள். "அன்னைக்கு லைன் கட்டாயிடுச்சும்மா... அவ சொல்லவே இல்லயே?"

"சொன்னாளே! நான் மருந்து வாங்க வரிசையில நின்னுட்டேன். திரும்பி வந்தா முகமெல்லாம் சிரிப்பு. 'எல்லாரும் அசையாம கேட்டாங்கம்மா, டீச்சர் கண்ணக்கூட சிமிட்டல, கடைசில லைன் போனதால கை தட்டினது மட்டும் கேக்கல'ன்னா. எனக்குச் சொல்லுடின்னு கெஞ்சினேன். 'படத்துல பாரு, அதுல இன்னும் நல்லா இருக்கும்'னு சொல்லிட்டா. அந்தப் படத்தத்தான் கேக்க வந்தேன்."

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆயாம்மா கதவருகே வாளியோடு நின்றிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"லைன் தானா போகலம்மா. சுவிட்ச அணைச்சது நான். என்ன சுவிட்சுன்னு அப்ப தெரியாது, ஆனா நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அப்பவே போன் போட்டு மறுபடி சொல்ல வச்சிருப்பாங்க. பயந்துட்டேன்."

பிள்ளையின் அம்மா ஆயாம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்ப, யாருமே கேக்கலயா?"

கடவுள் கேட்டிருப்பார் என்று சொல்லத்தான் ஆயாம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கில்லை என்று தோன்றியது.

"முதல் ரெண்டு வரி என்கிட்ட முந்தின நாளே சொன்னா தாயி. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னா."

"சொல்லுங்க."

சொன்னாள். "இன்னொரு தடவை" என்றாள் அந்தத் தாய். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை அந்தத் தாயும் சேர்ந்து சொன்னாள். இரண்டு வரி முடிந்ததும் இருவரும் நின்றார்கள். அதற்கு மேல் போக வழி இல்லை.

"அவ சந்தோஷமாத்தான் போனா. அது போதும்னு உங்ககிட்ட சொல்லலாம், எனக்குத்தான் மனசு வரல" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆயாம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

படிக்கட்டு அறையில், அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது என்று இப்போது பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஆயாம்மா வழக்கம்போல் ஏழு மணிக்கு வருகிறாள், ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிப் பெஞ்சு துடைக்கிறாள். ஜன்னல் ஓரம் வந்ததும், பேருக்குப் பதிலாக அந்த இரண்டு வரியைச் சொல்கிறாள். மூன்றாவது வரிக்கு வாய் திறக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். பிறகு துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போகிறாள்.