குற்றாலத்தில் குளிக்காதவர்

வேதவல்லி டீச்சர் இறந்த செய்தி, ஓய்வு பெற்ற ஆசிரியைகளான நம் வாட்ஸப் குழுவில், ஒரு ரோஜாப்பூக் காலை வணக்கத்துக்கும் மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கும் நடுவில் வந்தது. கார்த்திகை முடியும் நேரம். ஒருத்தி கைகூப்பும் படம் போட்டாள். பின்னாலேயே வரிசையாக எல்லாரும் கைகூப்பினீர்கள். ஒருத்திக்காவது போனை எடுத்து, என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தென்காசி ரத வீதியில் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குள் எதிர்ச் சுவரில் சுவரொட்டி வந்துவிட்டது. 'குற்றாலச் சாரலாய்க் குளிர்ந்த எங்கள் அன்னை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பின்னால் அருவிப் படம் வேறு. எழுதிய புண்ணியவான் டீச்சரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். டீச்சர் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, நம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷத்தில் குற்றாலத் தண்ணீரில் கட்டைவிரலைக்கூட நனைத்ததில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் நின்று 'நல்லா போட்டிருக்காவ' என்றீர்களே, உங்களை என்ன சொல்ல?

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீசனுக்கு எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். நாம் தலையில் எண்ணெயோடு முண்டியடித்துக்கொண்டு உள்ளே போக, அவர் எல்லாருடைய கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, சிப்ஸ் கடை ஓரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். நான் நனைந்த சேலையோடு ஓடி வந்து, "டீச்சர், ஒரே ஒரு வாட்டி வந்து நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எங்க தெருவுல குழாய் உடைஞ்சா தினமும் இதான் கோமதி. நாங்க பஸ் பிடிச்சு வந்து பார்க்கறதில்லை" என்றார். சாரல் விழுந்தால் ஊரே வாசலுக்கு வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்குமே, அப்போது அவர் ஜன்னலைச் சாத்துவார். "ஆரம்பிச்சாச்சா, ஊரு ஒழுகுது!"

சரி, நம் ஊரைப் பழித்தவர் எந்த ஊரைப் புகழ்ந்தார்? மார்கழி பிறந்துவிட்டால் ஆசிரியைகள் அறையில் திருவல்லிக்கேணிப் பேச்சுதான். விடியற்காலையில் தொன்னையில் வாங்கும் நெய் வழியும் பொங்கல், கடற்காற்று, தெருவடைத்த கோலம், மஃப்ளர் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடிப் போகும் மாமாக்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஃபேன். அந்தப் பதினைந்து இருபது நாள் ராத்திரியில் ஃபேனை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளலாமாம். அதைச் சொல்லும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டீச்சர், நான் பூகோளம் நடத்துதேன்லா, எனக்குத் தெரியாதா? சென்னையில ஏது குளிர்காலம்? ஃபேனை அணைக்கதுக்கெல்லாம் ஒரு ஊரா?" என்பேன்.

"உங்களுக்கு வருஷத்துல பாதி நாள் சும்மா கிடைக்கறது. அதனால மரியாதை தெரியலை. எங்களுக்கு எப்பவோ வரது, வந்த உடனே போயிடறது. அதான் குல்லாய் போட்டுண்டு எதிர்கொண்டு அழைக்கிறோம்."

கணவர் போன பிறகாவது அவர் சென்னைக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அங்க போனா எதைத் திட்டறது?" என்றார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. "கோமதி, என்னைக் கொண்டுபோய்க் குற்றாலத்துல கரைச்சுடப் போறா. உயிரோட இருக்கறச்சே குளிக்காதவளைச் செத்தப்புறம் பிடிச்சுத் தள்ளாதீங்கோ. எனக்குக் கடல் வேணும், எங்க தெருக்கோடியில இருக்கற கடல்." இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

தகனம் முடிந்து சாம்பல் வந்ததும் அவர் பயந்தபடியேதான் நடந்தது. மகன் ஸ்ரீராமுக்கு வெளிநாடு திரும்ப அவசரம். "ஆன்ட்டி, ஃப்ளைட் இருக்கு. குற்றாலமும் புண்ணிய ஸ்தலம்தானே?" என்றான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் சித்தப்பாக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டீச்சர், இது எங்க குடும்ப விஷயம். எங்க அப்பாவுக்கும் அங்கனதான் கரைச்சோம்" என்றார். என்ன பெரிய குடும்பம்! அந்த அம்மாளின் ஒரே ஒரு ஆசை என்னவென்று தெரியாத குடும்பம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏலே ஸ்ரீராம், உங்க அம்மா அந்தத் தண்ணியில கால் வச்சு நீ ஒரு நாளாவது பாத்திருக்கியாலே? மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன். அவன் செல்போனைக் கீழே வைத்தான். பிறகு, "பார்த்ததில்லை ஆன்ட்டி" என்றான். உள்ளே போய் ஒரு சிறிய சொம்பில் பாதியை எடுத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். சித்தப்பாக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதிப் பாதியை அவர் ஐயப்ப சாமிகள் கூட்டத்துக்கு நடுவில் குற்றாலத்துச் சிற்றாற்றில் கரைத்தார். அந்தப் பாதி இந்நேரம் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் போகும்.

மார்கழி பிறந்ததும் சொம்பை வயர் கூடையில் வைத்து ரயிலேறினேன். விடிவதற்குள் திருவல்லிக்கேணி. அடடா, என்ன ஊர்! இரண்டு பைக்குக்கு நடுவில் மிஞ்சிய தாரில் ஒரு கோலம்; அதன் மேலேயே ஆட்டோ ஏறிப் போகிறது. நடுத்தெருவில் எருமை. மேன்ஷன் கம்பியெல்லாம் துண்டும் பனியனும். வேர்க்காத குறையாக நடக்கிற மனுஷர்கள் தலையில் குரங்குக் குல்லாய். பஜனை கோஷ்டியில் நாலு பேருக்கு நாலு சுருதி. தொன்னைப் பொங்கலில் முந்திரியைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். நெய் மட்டும் முழங்கை வரை வழிந்தது, அதில் பொய்யில்லை. இரண்டாவது தொன்னையும் வாங்கினேன். ரயிலில் வந்த பசி.

டீச்சருடைய அண்ணன் மகள் சுமதி கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கணுக்கால் தண்ணீரில் நின்று துணியை அவிழ்த்தேன். "டீச்சர், வந்தாச்சு. இதுக்குத்தானா இம்புட்டு அலட்டுனிய?" என்று வாய்விட்டே கேட்டேன். அலை வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என்னையும் முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. காற்றில் உடம்பு ஒருதரம் நடுங்கியது. ஈரச் சேலைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து வந்ததற்கு நான் காரணம் சொல்லப்போவதில்லை.

சுமதி வீட்டில் குளித்துவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். கொசுவுக்காக அவள் ஃபேனைப் போட்டாள்.

"அணைச்சிரு தாயி. போர்வை இருந்தா ஒண்ணு குடு."

"அத்தையும் இதேதான் சொல்லுவா" என்று சிரித்துக்கொண்டே அணைத்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். கீழே தெருவில் பால் வண்டியும் அந்தச் சுருதி சேராத பஜனையும் கேட்டன. சுகமாகத்தான் இருந்தது. தென்காசியில் இருந்து போனவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

இரங்கல் கூட்டத்தில் அவரை அன்பின் வடிவம், சாரலின் வடிவம் என்று பேச ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு வசவுதான். வருகிற ஆனியில் யாராவது வாசலில் நின்று, "என்னா சாரல், பாத்தியளா டீச்சர்" என்று என்னிடம் கேட்டால், ஜன்னலைச் சாத்திக்கொண்டே "ஊரு ஒழுகுது" என்பேன். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அப்படிச் சொல்ல மனசு வராதுதான். ஆனால் அதைச் சொல்ல இனி இங்கே வேறு ஆளில்லை.