புள்ளி ஒன்று மைக்ரோஃபாரட்

பட்டறையில் எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரங்களின் அதிர்வைக் கவனித்து, பழுதை முன்கூட்டியே சொல்லும் சிறு கருவிகளுக்குச் சர்க்யூட் வரைவது அவள் வேலை. வரைந்ததைப் பலகையில் பற்றவைப்பவள் அவளுடைய நாத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன் கணக்கம்மாவே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவள்.

பெயின்ட் தொழிற்சாலை ஒன்றுக்குப் பத்துக் கருவிகள் போயின. மூன்றாம் மாதம் அங்கே ஒரு பெரிய கலக்கும் உருளை, பேரிங் தேய்ந்து அப்படியே நின்றுவிட்டது. கருவி மூச்சுவிடவில்லை. பத்தும் திரும்பி வந்தன. முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சால்டரிங் சரியில்ல. வேற என்ன இருக்கப் போகுது?"

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. "ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துத்தான் வெச்சேன் சார்" என்றாள். மறுநாளே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்.

அன்று மாலை கணக்கம்மா தன் பழைய தாளை எடுத்தாள். சென்சாரிலிருந்து எப்போதும் இரண்டரை வோல்ட் டிசி, அதாவது ஏற்ற இறக்கமில்லாத மின்சாரம், வந்துகொண்டிருக்கும். அதன் மேல்தான் அதிர்வு சின்ன அலையாக ஏறி வரும். நடுவில் ஒரு கெப்பாசிட்டரை வைத்தால் டிசி அங்கேயே நின்றுவிடும், அலை மட்டும் தாண்டிப் போகும். ஆனால் கெப்பாசிட்டர் ரொம்பச் சின்னதாக இருந்தால் மெதுவான அலையையும் சேர்த்து அமுக்கிவிடும். அந்த உருளை ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு விநாடி ஆகும். அதற்குப் பத்து மைக்ரோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டர் வேண்டும். அவள் போட்டிருந்தது புள்ளி ஒன்று. பெரியதை வைத்தால் கருவியின் பெட்டி மூடாது என்று போட்டது. அப்போது வேகமாக ஓடும் மோட்டாரில் சோதித்தாள், நன்றாகவே வேலை செய்தது. மெதுவாகச் சுற்றும் எதிலும் வைத்துப் பார்க்கவே இல்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தாளை மடித்தாள். முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று ஒரு நாள், எரிச்சலில் இருக்கிறார் என்று ஒரு நாள், இப்படியே எட்டு நாள் போயிற்று. "தங்கச்சி சரியாவே சாப்பிடலயாம், நீ கொஞ்சம் பேசிப் பாரேன்" என்று கணவன் சொன்னபோதுகூட, "பாக்கறேன்" என்றுவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

ஒன்பதாம் நாள் பேக்கிங் அறையில் நாத்தனார், திரும்பி வந்த பலகை ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துத் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே?"

"எங்க தப்புப் பண்ணேன்னு தேடறேன் அண்ணி. தெரிய மாட்டேங்குது. இப்பல்லாம் என் கை மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

கணக்கம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"உன் கையில தப்பில்லம்மா. என் கணக்குலதான் தப்பு. எனக்குப் போன வாரமே தெரியும்."

"போன வாரமேவா?" என்று மட்டும் கேட்டாள் நாத்தனார்.

கணக்கம்மா நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. "கணக்கு யாருக்கும் தப்பும்மா. அந்தப் பொண்ணு வாடிப்போனதை இத்தனை நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்களே" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெட்டியை உயரமாக்கிப் பத்து மைக்ரோஃபாரட் போட்டு அனுப்பினார்கள். அடுத்த மாதமே இன்னொரு உருளையின் தேய்மானத்தைக் கருவி முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கணக்கம்மாவால் தலை நிமிர முடியவில்லை.

நாத்தனார் பழைய மேசைக்கே வந்துவிட்டாள். கெப்பாசிட்டரின் ப்ளஸ் கால் எந்தப் பக்கம் என்று கேட்பாள். சென்சார் பக்கம் என்று சொன்னால் தலையாட்டுவாள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பேக்கிங் பெண்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறாள்.