மா இயந்திரத்தில் என் பூட்டு

எட்மண்டன் பக்கத்து பிஸ்கற் ஆலையில் எலெக்ட்ரீசியன்கள் நாங்கள் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு வைத்திருந்தோம். எந்த இயந்திரத்துக்குள் இறங்கினாலும் முதலில் அதன் மெயின் சுவிட்சை அணைத்து, நம் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டில் அவரவர் படம் இருக்கும். பூட்டு தொங்கினால் அந்த ஆள் உள்ளே இருக்கிறான். போட்டவன்தான் திறக்கலாம், மனைவி கேட்டாலும் சாவி இல்லை என்று பகிடி விடுவோம்.

அன்று மா பிசையும் தொட்டிக்குள் ஒரு சென்சர் மாற்றினேன். வேலை முடிய, ஷிப்டும் முடிந்தது. வெளியே மழை விட்டிருந்தது. மழை விட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. வெளிச்சம் எங்கோ நானில்லாமல் செலவாகிறது என்றொரு பதைப்பு. சட்டையும் மாற்றவில்லை. கைபேசி லாக்கரில் கிடந்தது. யாரோ திறந்த கதவால் கார்டும் தட்டாமல் நழுவிவிட்டேன்.

கோலியர்ஸ் வுட் வீட்டுக்குப் பாதி வழியில், ரயில் மாறும் இடத்தில், சட்டைப்பைக்குள் விட்ட கையில் அந்தச் சாவி தட்டுப்பட்டது. குளிர்ந்து கிடந்தது. பூட்டு இன்னும் இயந்திரத்தில். அப்படியே திரும்பினேன்.

ஆலையில் மா இயந்திரம் நின்றிருந்தது. மனேஜர் பூட்டு வெட்டும் கத்தரியோடு நின்றார். டோர்ச் அடித்துப் பார்த்தாயிற்று, உள்ளே ஆளில்லை, வெட்டுவோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை விடவில்லை. அழைத்தால் என் கைபேசி லாக்கருக்குள் அடிக்கிறது. வெளியே போனதாகக் கார்டும் சொல்லவில்லை. தொட்டிக்கு அடியில் இருக்கும் குழியையும் பார்க்காமல் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவரே அதற்குள் ஊர்ந்திருக்கிறார்.

நான் போனபோது அவருடைய சப்பாத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒருக்கால் இருமு. இருமினாலே காணும்."

அப்படிக் கேட்டது எத்தனையாவது தடவையோ, அவர் குரல் கம்மியிருந்தது.

"அண்ணை, நான் இஞ்சை நிக்கிறன்."

சப்பாத்துகள் அசையாமல் இருந்தன. பிறகு மெல்லப் பின்னால் வந்தார். புருவமெல்லாம் மா. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார், ஏதாவது குறைகிறதா என்பது போல.

"பூட்டைக் கழட்டு."

சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. அவர் உதவவில்லை. உதவவும் கூடாது. கழன்றதும் சொன்னார்: "இனி உன்ர படத்தைப் பாத்து நான் எதை நம்புறது?"

மனேஜர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அதை மடித்து எங்கோ வைத்தேன். எங்கே என்று ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது வேறு. முன்பெல்லாம் "பூட்டிட்டன் அண்ணை" என்றால் தலையாட்டிவிட்டு உள்ளே இறங்குவார். அதற்குப் பிறகு தானே வந்து, என் பூட்டைப் பிடித்து இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே இறங்கினார். அவர் வெளியே வரும்வரை நான் சுவிட்சின் பக்கத்திலேயே நின்றேன்.