தொண்ணூற்று நாலு நின்ற இடம்

அமெரிக்கக் கால்பந்து பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தை நான் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் அதை ஆடுகிற பையன்களில் எவன் உருப்படுவான், எவன் உருப்படமாட்டான் என்று எழுதித்தான் ஆறு வருஷமாகச் சோறு தின்கிறேன்.

பெங்களூர் பொம்மனஹள்ளி சிக்னலைத் தாண்டினால் ஒரு மெத்தைக் கடை வரும். அதற்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் வீடியோ அங்கே வந்து குவியும். நாங்கள் பார்த்து மார்க் போட்டு அனுப்புவோம். அங்கே இருக்கும் ஒரு கம்பெனி அதை வாங்கி, காசு கொடுத்து ஆள் எடுக்கும் பெரிய அணிகளுக்கு விற்கும். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் கடைசியில், மூன்று நாள் அந்த அணிகள் கல்லூரிப் பையன்களைப் பேர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பேர். பேர் வந்தால் வாழ்க்கை. வராதவனைச் சில சமயம் போனில் கூப்பிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

என் பங்குக்கு வந்தது டிஃபென்சிவ் எண்ட். தடுக்கிற வரிசையில் கடைசி ஓரத்தில் நிற்கும் ஆள். எதிரணியில் பந்தை எறிபவனைப் போய் அமுக்க வேண்டும், தன் பக்கமாக எவனும் ஓடிப்போகாமல் பார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஐந்தாறு நொடிதான். அதை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்து, முதல் அடி எவ்வளவு வேகம், கையை எப்படி வைக்கிறான், இடுப்பு வளைகிறதா என்று கட்டம் கட்டமாக மார்க் போட வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு ‘முயற்சி’ என்று பெயர். விசில் ஊதும்வரை பந்தைத் துரத்தி ஓடினானா? ஓடினால் மார்க், நின்றால் முட்டை. எங்களுக்குள் அதைத் தூங்குமூஞ்சிக் கட்டம் என்போம்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததே கபடியால்தான். நான் தர்மபுரிக்காரன், மாவட்ட அணியில் இடது கார்னர் ஆடியவன். இன்டர்வியூவில் அதைச் சொன்னதும், ‘ஆட்டம் தெரிஞ்ச ஆளுதானே’ என்று எடுத்துக்கொண்டார்கள். மாநில அணித் தேர்வுக்கும் ஒருமுறை போனேன், எடுக்கவில்லை. அதில் ஒரு அநியாயமும் கிடையாது. எனக்குத் தகுதி இல்லை, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் பட்ட வேதனையைக் கேட்டவர்கள் எல்லாம் ‘உனக்கும் அப்படி நடந்திருக்கும், அதான்’ என்றார்கள். இல்லை. நான் தேறாத ஆள். அந்தப் பையன் தேறிய ஆள்.

அவன் பேரை எழுதக்கூடாது, எழுதவும் மாட்டேன். முதுகில் தொண்ணூற்று நாலு. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு சின்னக் கல்லூரி. கடைசி வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரியில் அவனுடைய ஆட்டங்கள் மொத்தமாக என்னிடம் வந்தபோது எங்கள் டீம் லீடர் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். காக்ஸ் டவுன்காரர், சர்ச் கொயரில் பாடுகிறவர், திட்டினாலும் குரல் உயராது.

“கொஞ்சம் கேர்ஃபுல்லா பண்ணுப்பா. பெரிய காலேஜ் பசங்கள எல்லாம் அவங்க நேர்லயே போய் பாத்துருவாங்க. இந்த மாதிரி பசங்களுக்கு நம்ம ஷீட்டுதான் கண்ணு.”

“சரி மேடம்” என்றேன். சரி என்று சொல்ல எனக்குக் கேட்கவா வேண்டும்!

முதல் ஆட்டத்திலேயே அவன் திறமை தெரிந்தது. பந்து நகர்ந்த கணமே இவனும் நகர்ந்திருப்பான். நூற்று இருபது கிலோ உடம்பு, ஆனால் திரும்பும்போது ஒரு சின்னப் பையனின் இடுப்பு. எல்லாக் கட்டத்திலும் அள்ளி அள்ளிப் போட்டேன். கடைசிக் கட்டம் வந்தபோதுதான் எரிச்சல் வந்தது. பந்து அந்தப் பக்கமாகப் போனால் மற்ற பத்துப் பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள். இவன் இரண்டே அடி வைத்து நின்றுவிடுவான். முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு ஆட்டம் இல்லை, எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான்.

எனக்கு வந்ததே கோபம்! பச்சைக் கம்பளம் மாதிரி மைதானம், ஆளுக்கு நாலு ஜோடி ஷூ, மடங்கி விழுந்தால் ஓடிவர டாக்டர். நான் செம்மண்ணில் முட்டி தேய்ந்து ஆடியவன். “கொழுப்பப் பாரேன் இவனுக்கு” என்று பக்கத்து சீட்டு நண்பரிடம் சொன்னேன். அவர் ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார், யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார், நாங்கள் போட்ட மார்க்கை அங்கங்கே எடுத்துச் சரிபார்ப்பது அவர் வேலை. தலையைத் தூக்காமலே “ஓடலன்னா முட்டை போடு குரு, சும்னே டென்ஷன் ஆகாத” என்றார். போட்டேன். பத்து ஆட்டத்துக்கும் முட்டை முட்டையாகப் போட்டேன். கடைசியில் இரண்டு வரியில் மொத்தக் கருத்து எழுத வேண்டும். ‘திறமை உண்டு, மனசு இல்லை. பந்து தன் பக்கம் வராவிட்டால் நின்றுவிடுவான்’ என்று இங்கிலீஷில் எழுதினேன். அழகாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் ஆனேக்கல் நண்பர் கூப்பிட்டார்.

“குரு, இங்க வா. இந்த ஆளுக்கு நீ முயற்சில ஃபுல் மார்க் குடுத்துருக்க. ஆனா அவங்க கோச்சு யாக்கே இப்புடி எகிறுறாரு இவன் மேல?”

அதே கல்லூரியின் ஆட்டம். தொண்ணூற்று நாலுக்குக் காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்த நேரம், அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். பந்து அந்தப் பக்கம் போனது. இந்த மாற்று ஆள் உயிரைக் கொடுத்து அதைத் துரத்தினான். நானும் மனசு குளிர்ந்து முழு மார்க் போட்டிருந்தேன். ஆனால் பந்தைக் கொண்டு ஓடியவன் நடுவில், எதிர்த் திசையில் ஓடிவந்த இன்னொருவன் கையில் அதைக் கொடுத்துவிட்டான். வாங்கியவன் இந்தப் பக்கம் திரும்பினான். இங்கே யாரும் இல்லை. காலியான ஓரத்தில் நடந்தே போயிருக்கலாம், அவன் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தான். கோச் மைதானத்துக்குள் வந்து மாற்று ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கி, அவன் விட்டுவிட்டுப் போன இடத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டினார்.

மவுஸைப் பிடுங்கி அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன். நண்பர் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், காதில் ஏறவில்லை.

கார்னர் ஆடியவனுக்கு இது தெரியாதா? எங்கள் பி.டி. மாஸ்டர் தொண்டை கட்டும்வரை கத்துவாரே, “டேய், எடத்த வுட்டு நவுந்த, கால ஒடைச்சிருவன்” என்று. எதிராளி அந்தக் கோடியில் ஆட்டம் காட்டும்போது இந்தக் கோடியில் அசையாமல் நிற்பதற்குள் தொடை எப்படி நடுங்கும் என்று என் உடம்புக்குத் தெரியும். ஓடுவது சுலபம். நிற்பதுதான் வேலை. அதைப் பத்து வருஷம் செய்த நானே, ஷீட்டில் ‘ஓடினானா’ என்று கேட்டிருந்ததால் ஓடினானா என்று மட்டும் பார்த்தேன். மடக்கிய முழங்காலைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே!

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் பத்து ஆட்டத்தையும் திரும்பப் பார்த்தேன். அவன் நின்ற ஒவ்வொரு தடவையும் நின்றதுதான் சரி. பந்து கைமாறித் தன் பக்கம் திரும்பியபோதெல்லாம் அவன் அங்கே இருந்தான். நிஜமாகவே துரத்த வேண்டிய நேரத்தில் துரத்தவும் செய்திருந்தான், அதற்கு நான் போட்ட மார்க் முட்டைகளுக்கு நடுவில் காணாமல் போயிருந்தது. கடைசி ஆட்டத்தின் ஆரம்பத்தில், முன்பு நான் பார்க்காமல் தள்ளிவிட்ட ஒரு வீடியோத் துண்டும் இருந்தது. கடைசி வருஷப் பையன்கள் வீட்டாரோடு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள், அது அங்கே வழக்கம். இவனோடு அம்மா மட்டும் வந்தாள். அவளும் தொண்ணூற்று நாலு போட்ட சட்டை போட்டிருந்தாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவள் தடுமாற, இவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப் போனான்.

புது மார்க்கை எல்லாம் எடுத்துக்கொண்டு மேடமிடம் போனேன். அவர் முழுதாகப் பார்த்தார். இரண்டு வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ சொல்றது கரெக்ட்டுப்பா. ஆனா ஃபைல் போயிடுச்சே. க்ளோஸ்டு.”

“திருப்பி அனுப்பலாமே மேடம். டிராஃப்டுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

“ஒரு ஆளு தப்புன்னா பரவால்ல. இந்த ரூல வச்சு நம்ம எல்லாருமே போட்டுருக்கோம். ஒண்ணத் தொறந்தா, அத்தனையும் தொறக்கச் சொல்லுவாங்க. கான்ட்ராக்ட் ரெனியூவல் மாசம்பா இது. முப்பது பேர் வேலை.”

“அப்போ அவன் வேலை?”

கேட்டுவிட்டேன். அந்தக் குரலில் அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு மெயில் எழுதினார். பயந்துகொண்டே எழுதினார், ஆனால் ஒளிக்காமல் எழுதினார், வீடியோவையும் சேர்த்து அனுப்பினார். அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். கூர்மையாகக் கவனித்ததற்கு நன்றி, அடுத்த சீசனிலிருந்து இந்த விதியைத் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. ரெனியூவலும் ஆனது. ஆபீஸில் மைசூர்பாகு கொடுத்தார்கள். அடுத்த சீசன்! அவனுக்கு ஏது அடுத்த சீசன்? அவன் கல்லூரியே முடிந்துவிட்டதே. அந்த மைசூர்பாகை டிஷ்யூவில் சுற்றி மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அவனுக்கே எழுதலாம் என்றும் யோசித்தேன். என்ன எழுதுவது? ‘தம்பி, நான் பெங்களூரில் ஒருவன், உன்னைச் சோம்பேறி என்று எழுதினேன், மன்னித்துக்கொள்’ என்றா? வீரர்களோடு தொடர்பு வைத்தால் வேலை போய்விடும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அது ஒரு சாக்கு. நிஜத்தில் எனக்குத் தைரியம் இல்லை.

டிராஃப்ட் முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து போனில் பேர்ப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தேன். பிறகு கீழிருந்து மேலாக. என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக என் புலம்பலைக் கேட்டு அவளுக்கும் நம்பர் மனப்பாடம்.

“என்னாங்க, தொண்ணூத்தி நாலு வந்துச்சா?”

“இல்ல.”

“போன் பண்ணிக் கூப்புடுவாங்கன்னு சொன்னீங்களே?”

“பாப்போம்.”

ஒரு வாரம் பார்த்தேன். போனில் கூப்பிட்டவர்களின் பட்டியலும் வெளியானது. அதிலும் இல்லை.

“நீங்க எழுதுன ரெண்டு வரிக்காகவா வுட்டுட்டாங்க? எத்தினி பேரு பாத்துருப்பாங்க” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். யாருமே பார்த்திருக்கமாட்டார்கள், அதுதான் விஷயம். நான் எழுதியதால்தான் போனதா, இல்லை எப்படியும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. தெரிந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன்.

சொன்னபடியே விதியைத் திருத்தினார்கள். முயற்சிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நிற்பதே இவன் வேலையா?’ என்று ஒரு புதுக் கட்டம் வந்தது. அதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை, கண்டுபிடித்தவன் என்று என் தலையிலேயே கட்டினார்கள். அப்ரைசலில் ஒரு புள்ளி கூடுதலாகவும் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டேன்.

பாடத்துக்கு அவன் வீடியோவைத்தான் போடுகிறேன். அதைவிடத் தெளிவான உதாரணம் வேறு கிடையாது. மாதம் ஒரு தடவை, திரையில் அவன் இரண்டு அடி வைத்து நிற்கிறான், முழங்காலை மடக்கிக் காத்திருக்கிறான், பந்து கைமாறித் திரும்புகிறது, வந்தவனைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கிறான். புதியவர்கள் எல்லோரும் அவனுக்கு முழு மார்க் போடுகிறார்கள்.

போன மாதம் சேலத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அவன் சாய்த்ததைப் பார்த்ததும் கை தட்டிவிட்டாள்.

“சூப்பரா ஆடறான் சார்! இப்போ எந்த டீம்ல இருக்கான்?”

“எந்த டீம்லயும் இல்ல.”

“ஏன் சார்?”

மற்றவர்களும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் அடுத்த வீடியோவைப் போட்டேன்.