எண்ணெய் போட்ட கைப்பிடி

ஜெனிதா மந்தைவெளியில் எங்கள் தெருமுனை திரும்பும்போதே அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். பைக் சத்தம் அப்படி. பின் சீட்டில் மீன் பெட்டி, முன்னால் தராசுப் பை, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிய ஜெனிதா. நான் வருஷத்தில் ஒரு மாதம்தான் ஊரில் இருப்பேன். மற்ற மாதங்களில் ஆஸ்லோவிலிருந்து போன் செய்து அம்மாவின் ரத்த அழுத்தம் கேட்பேன், கேஸ் ரெகுலேட்டரை மூடினாரா என்று கேட்பேன், பிறகு ஜெனிதா மழையில் வண்டி ஓட்டுகிறாளா என்றும் கேட்பேன்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நீ அங்க பனியில பார்த்து நட" என்பார் அம்மா.

உண்மையில் அந்தப் பைக் அவள் கணவன் பிரபாகருடையது. நொச்சிக்குப்பத்தில் பைக்கை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிய ஒரே ஆள் அவன்தான். உப்புத் தண்ணீர் தெறித்த கையோடு யாரும் தொடக்கூடாது, ஜெனிதா உட்பட. போன வருஷம் படகைக் கரை ஏற்றும்போது, கயிற்றுக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் அதன்பிறகு முழுதாக மடங்கவில்லை. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மெல்லிய ஆக்சிலேட்டர் கைப்பிடி பாதி முறுக்கிலேயே அவன் பிடியிலிருந்து நழுவியது. சாவியை ஜெனிதாவிடம் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் உட்கார மட்டும் அவன் சம்மதிக்கவில்லை.

"பின்னாடி குந்தினா தலை சுத்துதாம்! அலையில படகு மேல நின்னுக்கினே பீடி பத்த வெக்கிற ஆளுக்கு!" என்று ஜெனிதா வாடிக்கை வீடுகளிலெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்தது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன்தான் அவளைப் பைக்கில் கூட்டிப் போவான். போன வருஷம் அவன் காவி கட்டிய பக்தர் கூட்டத்தோடு நடந்தான். அவள் தண்ணீர் பாட்டில்களோடு நடை வேகத்தில் பைக்கை உருட்டிக்கொண்டே பின்னால் போனாள். இந்த வருஷம் அவன்தான் ஓட்ட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் நான் மீன் சந்தைக்குப் போனபோது பைக் அவள் கடைக்கு எதிரே நின்றது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்த தடியான ரப்பர் கைப்பிடி ஒன்று அவள் மடியில் இருந்தது. தடியாக இருந்தால் மடங்காத விரல்களும் அதன்மேல் படியும் என்பது அவள் கணக்கு.

பக்கத்துக் கடை அங்காளம்மாள் மீன் கத்தியை நீட்டினாள். "பழசை அறுத்துப் போடு. இன்னாத்துக்கு இம்மாம் நேரம்?"

"புச்சு ஒத்து வரலன்னா பழசுதானே மாட்டணும்? கம்முனு இரு அக்கா."

வலை பின்னும் தட்டையான ஊசியைப் பழைய ரப்பரின் ஓரத்தில் நுழைத்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, ஊசியைச் சுற்றிலும் நகர்த்தினாள். இரண்டு கையாலும் திருகி இழுத்ததும் ரப்பர் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. புதியதுதான் சண்டை போட்டது. பாதிக்கு மேல் ஏறவில்லை. கரையில் எது இறுகினாலும் எண்ணெய்தான்: விரலில் மாட்டிய மோதிரம், துருப்பிடித்த நங்கூர வளையம், படகை உருட்டும் கட்டை, எல்லாவற்றுக்கும். ஜெனிதாவும் யோசிக்கவில்லை. தேங்காய் எண்ணெயை உள்ளே ஊற்றினாள். கைப்பிடி ஒரே தள்ளில் போய் உட்கார்ந்தது.

பிரபாகர் சவரம் செய்து, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தான்.

"மாப்ள வந்துட்டாருடி! பொண்ணு எங்க?" என்றாள் அங்காளம்மாள்.

அவன் வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தான். எஞ்சின் முனகியது. வலது கையால் முறுக்கினான். முனகல் மாறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினான். அப்போதும் அதே முனகல்.

"இன்னா மச்சி, வண்டி தூங்குதா?" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் எஞ்சினை அணைத்தான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேணாம் ஜெனி. கையில ஒண்ணியுமே இல்ல. பூட்ச்சு" என்று சொல்லிவிட்டுக் கடல் பக்கம் நடந்தான்.

ஜெனிதா போய்க் கைப்பிடியைப் பிடித்து முறுக்கினாள். அது பம்பரம் மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றியது. எந்த ஆக்சிலேட்டரும் அப்படிச் சுற்றாது. உள்ளே ஆக்சிலேட்டரை இழுக்கும் குழாய் அசையாமல் இருக்க, எண்ணெயில் ரப்பர் மட்டும் வழுக்கிக்கொண்டிருந்தது.

"யோவ்! நில்லுய்யா! உன் கை இல்லய்யா, என் எண்ணெதான்யா!"

அவன் திரும்பவில்லை. ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான். ஜெனிதா எஞ்சினைக் கிளப்பி, அங்காளம்மாளின் கையை இழுத்து வைத்தாள். அவள் பலங்கொண்ட மட்டும் முறுக்கியும் எஞ்சின் முனகத்தான் செய்தது. "அண்ணே, நீங்களும் வாங்க." நானும் முறுக்கினேன்.

"உனுக்கு மட்டுந்தான் கை பூட்ச்சா? இந்தா, வெளிநாட்டு அண்ணனுக்கும் பூட்ச்சு. வந்து பாருய்யா!"

சந்தை சிரித்த சிரிப்பில் அவன் திரும்பி வந்தான். கைப்பிடியை ஒற்றை விரலால் சுற்றிப் பார்த்தான். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தான்.

"இன்னாமே, தேங்கா எண்ணெயா?"

"ஏறலன்னா இன்னா செய்யறது? நீயா இருந்தா இன்னா போட்டிருப்ப?"

"எண்ணெதான்" என்றான். அதற்குமேல் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுபடியும் வலை ஊசி, சோப்புத் தண்ணீர். ரப்பரையும் குழாயையும் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்தார்கள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரப்பருக்குள் கொஞ்சம் பெட்ரோல் தடவ வேண்டும், அது உலர்வதற்குள் ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டும், உலர்ந்ததும் ரப்பர் கவ்விக்கொள்ளும் என்றான் பிரபாகர். பெட்ரோல் என்றதும் நான் சுற்றுமுற்றும் பார்த்துப் பீடிக்காரர்களை விரட்டினேன்.

"அண்ணன் ஃபயர் சர்வீஸ்ல கீறாரா?" என்றாள் அங்காளம்மாள்.

அவன் அடிபட்ட அந்தக் கையின் அடிப்பகுதியாலேயே அழுத்தித் தள்ளினான். ஜெனிதா ரப்பரின் இரண்டு முனைகளிலும் பச்சை வலை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். உள்பக்க முனையில் நூல் சுவிட்ச் பெட்டியில் உரசாமல் இருக்கக் கொஞ்சம் இடைவெளி விட்டாள். காயட்டும் என்று விட்டுவிட்டு எனக்கு வஞ்சிரம் வெட்டினாள். கண் மட்டும் பைக்கின் மேலேயே இருந்தது.

கடைசியில் அவன் ஏறி முறுக்கினான். எஞ்சின் உறுமியது. விட்டான், கைப்பிடி டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. வெட்டிய மீனையே ஜெனிதா மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் அந்தச் சத்தம் எங்கள் தெருவுக்குள் வந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து பெசன்ட் நகருக்குப் போக எங்கள் தெருவுக்குள் வர வேண்டியதே இல்லை. அம்மா பழக்கத்தில் சட்டியோடு ஓடினார். முன்னால் பிரபாகர். அவன் பிடியில் பச்சை நூல் கட்டிய தடித்த கைப்பிடி. பின்னால் காவிப் புடவையும் மல்லிகைப் பூவுமாக ஜெனிதா, இரண்டு கையும் அவன் தோளில்.

"இன்னிக்கி மீன் இல்ல பெரிம்மா!" என்று கத்திக்கொண்டே போனாள்.

நான் மாடியிலிருந்து இறங்குவதற்குள் வண்டி போய்விட்டது. "ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"அவன் போட்டிருந்தான். அவ மடியில வெச்சிருந்தா" என்றார் அம்மா. "பூ நசுங்கிடும்ல."